தொடர்களில் நான் பார்ப்பது சாட்சிக் கூண்டைத்தான்

டர்பன் பக்கத்து உம்ஷ்லாங்காவில் ஐடி வேலைக்கு வந்து ஒரு வருடமான தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அக்கா, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் நானும் மனைவியும் மாமியாரும் க்ரைம் தொடர், கோர்ட் தொடர் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அமெரிக்கத் தொடரில் ஜூரி வருகிறது. நம் ஊர்ப் படத்தில் சுத்தியலைத் தட்டி ‘ஆர்டர் ஆர்டர்’ என்கிறார்கள். இங்கே டிவி செய்தியில் காட்டும் கோர்ட் இரண்டு மாதிரியும் இல்லை. எதை நம்புவது? எதைப் பார்க்கலாம்? நீங்கள் மதுரையிலும் டர்பனிலும் கோர்ட் படி ஏறியவர், சொல்லுங்கள்.”

தம்பி, இதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மதுரையில் ஆறு வருடம் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தேன். கல்யாணமாகி இங்கே வந்தபின் பதினெட்டு வருடமாக ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. பகலெல்லாம் கோர்ட், ராத்திரியில் அத்தையோடு உட்கார்ந்து கோர்ட் தொடர். இத்தனை வருடம் பார்த்ததில் ஒரு தொடர் தேறுமா தேறாதா என்று உரசிப் பார்க்க எனக்கு ஒரே ஒரு கல்தான் மிச்சமிருக்கிறது: சாட்சி சொல்ல வருகிறவரை அது எப்படி நடத்துகிறது? வக்கீல் எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசினார், இன்ஸ்பெக்டர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதெல்லாம் அப்புறம். தற்செயலாக ஒன்றைப் பார்த்துவிட்டு, அதைச் சொல்வதற்காக வேலைக்கு லீவு போட்டு, பஸ் பிடித்து வந்து நிற்கிற ஒரு சாதாரண மனிதரின் தோளில்தான் வழக்கு முழுவதும் நிற்கிறது. அவரை மறந்த தொடர் எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தாலும் எனக்குப் பிடிப்பதில்லை.

ஜூரி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். சாதாரணக் குடிமக்கள் சிலரை உட்காரவைத்து, குற்றவாளியா இல்லையா என்று அவர்களையே சொல்லவைப்பதுதான் ஜூரி. தென்னாப்பிரிக்காவில் அதை 1969-ல் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் ஜூரி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் வெள்ளையர்கள்தான். குற்றம் சாட்டப்பட்டவர் இந்தியரோ ஆப்பிரிக்கரோ என்றால் அவர் தலையெழுத்து என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். அதனால் அது போனதற்கு இங்கே யாரும் வருத்தப்பட்டு நான் கேட்டதில்லை. இந்தியாவில் 1959-ல் நடந்த நானாவதி வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும், மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரியின் வழக்கு. ஜூரியில் எட்டுப் பேர் அவர் குற்றவாளி இல்லை என்றார்கள், ஒருவர் மட்டும் மாறி நின்றார். பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த முடிவைத் தள்ளிவிட்டுத் தண்டித்தது. 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு அங்கேயும் ஜூரி போய்விட்டது.

இங்கே பெரிய வழக்கு என்றால் உயர் நீதிமன்ற நீதிபதியோடு இரண்டு அசெசர்கள், அதாவது வழக்கை எடைபோட அவருக்குத் துணையாக நியமிக்கப்படும் அனுபவசாலிகள், உட்காரலாம். சட்டம் என்ன சொல்கிறது என்பது நீதிபதியின் பொறுப்பு. நடந்தது என்ன என்பதில் மூவருக்கும் சமமான குரல். அசெசர்கள் இருவரும் ஒரு பக்கம் நின்றால் அந்த விஷயத்தில் நீதிபதியே தோற்றுப்போவார். கதவை மூடிக்கொண்டு அந்த மூன்று பேரும் பேசுவதை வைத்து எவ்வளவு நல்ல தொடர் எடுக்கலாம்! இன்னும் யாரும் எடுத்து நான் பார்க்கவில்லை. அப்புறம் சுத்தியல். மதுரையிலும் சரி, டர்பனிலும் சரி, நான் போன எந்தக் கோர்ட்டிலும் நீதிபதியின் மேஜையில் சுத்தியலைப் பார்த்ததில்லை. சத்தம் கேட்டால் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான், அடங்கிவிடும்.

இங்கத்திய கோர்ட்டைத் தொடர் போலவே ஊர் முழுக்க உட்கார்ந்து பார்த்தது 2014 மார்ச்சில், பிரிட்டோரியாவில் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் வழக்கு தொடங்கியபோது. செயற்கைக் கால்களோடு ஓடிப் புகழ்பெற்ற அந்த ஓட்டக்காரர், பூட்டிய குளியலறைக் கதவு வழியாகச் சுட்டதில் அவர் காதலி இறந்துபோனார். உள்ளே திருடன் என்று நினைத்தேன் என்பது அவர் வாதம். டிஎஸ்டிவி என்ற சாட்டிலைட் டிவி சேவையில் அந்த வழக்குக்கென்றே தனியாக ஒரு சேனல் திறந்தார்கள். நீதிபதி தோகோசிலே மசிபா, இரண்டு பக்கமும் இரண்டு அசெசர்கள். முகத்தைக் காட்ட விரும்பாத சாட்சிகளின் குரல் மட்டும் போகலாம் என்று கோர்ட் முன்கூட்டியே உத்தரவு போட்டிருந்தது. முதல் சாட்சி பக்கத்துக் குடியிருப்புப் பெண் ஒருவர். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் பேச வந்தவர். மொழிபெயர்ப்பாளர் சரியாக அமையாமல் கோர்ட் தொடங்கவே தாமதமானது. தொடங்கிய பிறகும் தான் சொன்னது ஒன்று, ஆங்கிலத்தில் போவது வேறொன்று என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அவரே ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த வழக்கின் முதல் நாளே அப்படி.

அந்த வழக்கு எப்படிப் போனது என்பதும் தொடர்களில் வராத சங்கதி. முதலில் கொலை இல்லை, கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று தீர்ப்பு. 2015 டிசம்பரில் புளூம்ஃபொன்டெய்ன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கொலை என்று மாற்றியது. 2016-ல் ஆறு வருடச் சிறை, 2017-ல் அது 13 வருடம் 5 மாதமாக உயர்ந்தது. இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு சட்டக் கேள்வி: இப்படிச் சுட்டால் கதவுக்குப் பின்னால் இருப்பவர் யாரானாலும் சாகக்கூடும் என்று தெரிந்தும், ஆவது ஆகட்டும் என்று சுட்டாரா? அத்தை அன்று டீ ஆற்றிக்கொண்டே சொன்னார், “யார் உள்ளே இருந்தா என்ன, உள்ளே ஒரு ஆளு இருந்துச்சு இல்ல?” என்று. மேல்முறையீட்டு நீதிபதிகள் பக்கம் பக்கமாக எழுதியதன் சாரம் அதுதான்.

மொழி என்றதும் எனக்கு ஒரு சிற்பியின் ஞாபகம் வருகிறது. கும்பாபிஷேக வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்தவர், கோபுரத்தில் சுதை வேலை செய்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போன இடத்தில் ஒருவன் வழிமறித்துப் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். ஆள் பிடிபட்டான், வழக்கு வந்தது. சிற்பிக்குத் தமிழ் தவிர வேறு பாஷை தெரியாது. தனக்குப் புரியும் மொழியில் விசாரிக்கப்பட வேண்டும், முடியாவிட்டால் அந்த மொழிக்குப் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது இங்கே குற்றம் சாட்டப்பட்டவருக்கு அரசியலமைப்பின் 35-வது பிரிவு தரும் உரிமை. சாட்சிக்கும் கோர்ட் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும். அன்று வந்தவருக்கு இந்தி நன்றாகத் தெரியும். தமிழ், வீட்டுப் பெரியவர்கள் பேசிக் கேட்ட அளவில்.

சிற்பி கூண்டில் நின்று சொன்னார்: “கையை ஓங்கினான்ங்க, நான் பயந்து போய் போனை விட்டுட்டேன்.” மொழிபெயர்ப்பு “அடித்தான்” என்று போனது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். போலீஸில் கொடுத்த வாக்குமூலத்தில் அடித்ததாக ஒரு வார்த்தைகூட இல்லையே, இன்று எங்கிருந்து வந்தது அந்த அடி? கேள்வி தமிழாகித் திரும்பி வந்ததும் சிற்பி பதறிப்போனார். “அடிக்கலைங்க, ஓங்கினான்.” அது “இல்லை, அடிக்கவில்லை” என்று போனது. வக்கீல் விடுவாரா? அப்படியானால் இரண்டு நிமிடத்துக்கு முன்னால் சொன்னது பொய்யா என்று கேட்டார். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து வாய் திறக்கக் கூடாது. நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அவர் பேசுவதை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினார். விரல் இடுக்கில் சுண்ணாம்பு வெள்ளை இன்னும் போகாத வலது கை. காதுக்கு மேலே ஓங்கி, அப்படியே நிறுத்திக் காட்டினார். மாஜிஸ்திரேட் அதைப் பார்த்துப் பதிவுக்காகச் சத்தமாகச் சொன்னார்: “சாட்சி வலது கையைத் தலையளவு உயர்த்தி, அடிக்காமல் நிறுத்திக் காட்டுகிறார்.” வார்த்தைக்கு வார்த்தை வாக்குமூலத்தில் இருந்ததும் அதுவே. இந்த நாட்டுச் சட்டத்தில், இதோ அடித்துவிடுவான் என்று ஒருவரை நம்பவைத்துப் பயமுறுத்துவதும் தாக்குதல் என்றே கணக்காகும். அதனால் ஓங்கியதா அடித்ததா என்பதில் வழக்கு விழப்போவதில்லை. அந்த மனிதர் பொய்யர் என்று ஆகிவிட்டால் மட்டும் விழுந்திருக்கும். மூன்று வாய்தாவுக்குப் பிறகு தீர்ப்பு வந்தபோது அவர் செங்கல்பட்டுப் பக்கம் சொந்த ஊரில் இருந்தார். தண்டனை கிடைத்தது, போன் கிடைக்கவில்லை என்று வாட்ஸ்அப்பில் சொன்னேன். “சரிம்மா. கலசம் ஏத்தியாச்சா?” என்று கேட்டார்.

இனி தொடர்களுக்கு வருகிறேன். பெரி மேசன் 1957 முதல் 1966 வரை 271 எபிசோட் ஓடிய தொடர். கோர்ட் தொடர் என்றாலே எல்லாருக்கும் மனதில் வரும் வார்ப்பு அதுதான். வக்கீல் சுற்றிவளைத்துக் கேட்கக் கேட்க, சாட்சியோ பின்னால் உட்கார்ந்திருக்கும் யாரோ எழுந்து “ஆமாம், நான்தான் செய்தேன்” என்று உடைந்துபோவார். நான் பார்த்த கோர்ட்டில் அப்படி ஒரே ஒரு முறைகூட நடந்ததில்லை. குறுக்கு விசாரணையில் பெரும்பாலும் உடைவது உண்மை சொல்ல வந்த மனிதரின் தைரியம்தான். தேதி மாறிப்போகும், சட்டை நிறம் மறந்துபோகும், அவரை நிற்கவைத்து நாள் முழுக்க அதையே கேட்பார்கள். இந்த வேதனையைக் காட்டாமல், குறுக்கு விசாரணையை வாள்வீச்சாக மட்டும் காட்டும் தொடர்கள் ஏராளம்.

1990-ல் தொடங்கிய லா அண்ட் ஆர்டர் வேறு ரகம். பாதி நேரம் போலீஸ், பாதி நேரம் அரசு வக்கீல்கள். சாட்சிகள் வேலை செய்துகொண்டே இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். அது நிஜம், போலீஸ்காரர்களுக்கு அப்படித்தான் வாய்க்கும். அந்தத் தொடரை நான் மதிப்பது இன்னொன்றுக்காக. தப்பான முறையில் எடுத்த சாட்சியம் கோர்ட்டில் நிற்காது என்பதை வாரா வாரம் பொதுமக்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அது. அதிலிருந்து 1999-ல் கிளைத்த எஸ்.வி.யூ. இன்னும் ஓடுகிறது. பாலியல் குற்றங்களுக்கு ஆளானவர்களை அது கதையின் நடுவில் உட்காரவைத்தது பெரிய காரியம், அத்தைக்கு அது உயிர். ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. துப்பறிபவர்கள் பாதிக்கப்பட்டவரின் கையைப் பிடித்து, “அவனைக் கண்டிப்பாக உள்ளே தள்ளுவோம்” என்று வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வாக்கை யாரும் கொடுக்கக் கூடாது. அதை நம்பி வந்து, வழக்கு தோற்றபின் எங்கள் அலுவலகத்து நாற்காலியில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்த தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன்.

குழந்தைகளைக் கூண்டில் ஏற்றும் காட்சி வந்தால் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 170அ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதன்படி குழந்தை கோர்ட் அறைக்கே வராமல் வேறு அறையில் இருந்து சாட்சி சொல்லலாம். பக்கத்தில் பயிற்சி பெற்ற ஓர் இடையாள் இருப்பார். வக்கீலின் கேள்வியை அப்படியே வீசாமல் குழந்தைக்குப் புரிகிற மாதிரி அவர் கேட்பார், பதில் கேமரா வழியாகக் கோர்ட்டுக்குப் போகும். ஆள் இல்லாத நேரத்தில் அப்படி ஓர் அறையைப் பார்த்தேன். சின்ன நாற்காலி, சுவரில் கேமரா. டிவி எடுப்பவர்களுக்கு இதில் நாடகம் இல்லை என்று தோன்றலாம். எனக்கு அதைவிடப் பெரிய நாடகம் தெரியவில்லை.

ஒப்புதல் வாக்குமூலம் என்பது இன்னொரு பெரிய ஏமாற்று. கொலம்போ என்ற துப்பறியும் தொடர் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதை ஒளிக்க மாட்டேன். 1971-ல் தொடராக வரத் தொடங்கியது. கொலை செய்தவர் யார் என்று முதலிலேயே காட்டிவிட்டு, கசங்கிய மழைக்கோட்டுக்காரர் எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று பார்க்கவைக்கும். வீட்டு வேலைக்காரர், தோட்டக்காரர், காவலாளி என்று யாரிடமும் அவர் மரியாதையாகப் பேசுவார், அவர்கள் சொல்வதை முழுசாகக் கேட்பார். அதற்காகவே பார்க்கலாம். கடைசியில் பணக்காரக் கொலைகாரர் சரி என்று தலையசைப்பாரே, அதை மட்டும் கோர்ட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நம் ஊரில் போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது. 1872-ன் சாட்சியச் சட்டத்தில் 25-வது பிரிவாக இருந்தது. 2024 ஜூலை முதல் வந்த புதிய சட்டத்திலும் அப்படியே தொடர்கிறது. அவர் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். பொருளை எங்கே எப்படி எடுத்தோம் என்று சாட்சிகள் முன்னால் மகஜர் எழுதும் சடங்கெல்லாம் இதற்காகத்தான். தென்னாப்பிரிக்காவிலும் சாதாரணக் காவலர் ஒருவரிடம் சொன்ன ஒப்புதலை மாஜிஸ்திரேட் முன்னால் உறுதி செய்து எழுதினால்தான் ஏற்பார்கள்.

நம் தமிழ்ப் போலீஸ் கதைகளில் எனக்கு இருக்கும் பெரிய மனத்தாங்கல் இங்கேதான். சந்தேகப்பட்டவரை லாக்கப்பில் நாலு தட்டுத் தட்டினால் உண்மை வந்துவிடும் என்று இன்னும் காட்டுகிறார்கள். உண்மை வராது தம்பி, அடிக்கிறவருக்கு வேண்டியது வரும். அந்தச் சட்டப் பிரிவு இருப்பதே அதனால்தான். 2022-ல் வந்த விலங்கு தொடரில் ஒரு சின்ன ஊர் ஸ்டேஷனின் அன்றாடம் அப்படியே இருந்தது. காகிதக்கட்டு, இரவு டூட்டி, மேலதிகாரியின் போன் எல்லாம் நான் பார்த்த ஸ்டேஷன்தான். அதே வருடம் வந்த சுழல் தொடரில் திருவிழாவோடு விசாரணையைப் பின்னியிருந்த விதமும் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஸ்டேஷனுக்குள் ஒருவர் அடிபடுவதைப் பார்த்துப் பார்த்து நமக்கு அது சகஜமாகிவிட்டது. அது சகஜமில்லை என்று உறைக்கவைத்தது 2021-ல் வந்த ஜெய் பீம் படம். ஓர் ஆட்கொணர்வு மனு எப்படி நகர்கிறது, ஒரு ஏழைப் பெண்ணின் வார்த்தைக்கு எத்தனை தடைகள் என்று படி படியாகக் காட்டியது.

சாட்சியை எல்லாவற்றுக்கும் மேலாக மதித்த தொடர் எது என்று கேட்டால் தி வயர் என்பேன். 2002 முதல் 2008 வரை, 60 எபிசோட், பால்டிமோர் நகரம். எடுத்தவர்களில் டேவிட் சைமன் அந்த ஊர்ச் செய்தித்தாளில் க்ரைம் நிருபராக இருந்தவர். எட் பர்ன்ஸ் கொலை வழக்குகளைத் துப்பறிந்துவிட்டுப் பிறகு பள்ளி ஆசிரியரானவர். முதல் எபிசோடிலேயே ஒரு கோர்ட் காட்சி வருகிறது. கொலையைப் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒரு பெண், காவலாளி வேலை செய்பவர். கூண்டில் ஏறியதும் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்கிறார். நம் பாஷையில் பிறழ் சாட்சி. பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆட்களை அவர் பார்க்கும் அந்த ஒரு பார்வையில் எல்லாம் தெரிந்துவிடுகிறது. இன்னொருவர் பராமரிப்பு வேலை செய்யும் நடுவயது மனிதர். பார்த்ததைப் பார்த்தேன் என்று நேராகச் சொல்லி, ஆளைக் கை நீட்டிக் காட்டுகிறார். எபிசோட் முடியும்போது தெருவில் பிணமாகக் கிடக்கிறார்.

இதைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மதுரையில் என் சீனியர் ஒரு சாட்சி பிறழ்ந்தால் கோபப்படவே மாட்டார். “அந்தாளு ராத்திரி வீட்டுக்குப் போகணும்ல?” என்பார். பிறழ் சாட்சி என்றால் காசு வாங்கியவர் என்று சினிமா நம்மை நினைக்கவைத்திருக்கிறது. பயந்தவர்கள் எத்தனையோ பேர். தென்னாப்பிரிக்காவில் சாட்சிகளைப் பாதுகாக்க 1998-லேயே தனிச் சட்டம் வந்தது. இந்தியாவில் 2018-ல்தான் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. ஒரு பாதுகாப்பு அதிகாரியையும், வீடு வாசலை விட்டு முகம் தெரியாத ஊரில் குடியேறும் ஒரு குடும்பத்தையும் வைத்து யாராவது தமிழில் எழுதுங்களேன். (தி வயரில் கெட்ட வார்த்தை அதிகம் தம்பி, மாமியாரோடு வேண்டாம்.)

அத்தை இதெல்லாம் பார்க்கத் தொடங்கிய கதை தனி. தென்னாப்பிரிக்காவுக்கு டிவி வந்ததே 1976 ஜனவரியில். பிரிட்டன் நடிகர் சங்கம் நிறவெறி அரசை எதிர்த்து, தன் உறுப்பினர்கள் நடித்ததை இங்கே விற்கவிடவில்லை. அதனால் அமெரிக்கத் தொடர்களும் ஜெர்மன் தொடர்களும் நிறைய வந்தன, பலவற்றுக்கு ஆஃப்ரிகான்ஸில் குரல் கொடுத்தார்கள். டெரிக் என்ற ஜெர்மன் துப்பறியும் அதிகாரி டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த் வீடுகளில் ஆஃப்ரிகான்ஸ் பேசினார். 80-களின் பிற்பாதியில் ரேடியோ 2000 வந்தபின், சில தொடர்களுக்கு டிவி சத்தத்தை அடைத்துவிட்டு ரேடியோவில் மூல ஆங்கிலத்தைக் கேட்கலாம். படம் இங்கே, குரல் அங்கே. அத்தை துணி ஆலையில் மெஷின் தைத்துவிட்டு வந்து, தாத்தாவும் ஆயாவும் பிள்ளைகளும் சுற்றி இருக்க, ரேடியோ முள்ளைத் திருப்பிக்கொண்டு பார்த்தாராம். “வாய் ஒன்னு சொல்லும், சத்தம் ஒன்னு வரும், கண்ணைப் பார்த்துதான் பொய்யா நிஜமான்னு கண்டுபிடிப்போம்” என்று இன்றைக்கும் சொல்வார். சாட்சியை எடைபோட இதைவிட நல்ல பயிற்சி எந்தச் சட்டக் கல்லூரியிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

உள்ளூர்த் தொடர் ஒன்றாவது பாருங்கள். 2021-ல் எம்-நெட் சேனலில் வந்த ரெய்க்கா. டர்பன் இருக்கும் இந்த க்வாசுலு-நாட்டால் மாகாணத்தின் கரும்புக் காடுகளில் பெண்களின் உடல்கள் கிடைக்கின்றன. விசாரிக்க வரும் ரெய்க்காவே சிறுவயதில் கடத்தப்பட்டு மீண்டவர். துப்பறிபவரும் பாதிக்கப்பட்டவரும் ஒரே ஆள். சர்வதேச எம்மி விருதுக்கு, சிறந்த தொடர், சிறந்த நடிகை என இரண்டு பரிந்துரைகள் பெற்றது. நம்மவர்களுக்கு அந்தக் கரும்பு வெறும் பின்னணி கிடையாது. 1860 நவம்பரில் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்ததிலிருந்து நம் ஆட்கள் வெட்டிய கரும்பு அது. ஒப்பந்தக் கூலி முதலாளி மேல் புகார் சொல்லத் தோட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் வெளியே போனால், போனதற்கே பிடித்து உள்ளே போடலாம். சாட்சி சொல்லக் கிளம்புவதே குற்றமாக இருந்த காலம்.

1894-ல் இதே டர்பனில் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி காந்தியின் அலுவலகத்துக்கு வந்து நின்றார். கிழிந்த உடை, கையில் தலைப்பாகை, முன்பல் இரண்டு உடைந்து வாயில் ரத்தம். வெள்ளைக்கார முதலாளி அடித்தது. அவர் சொன்னதைக் காந்திக்குப் புரியவைத்தவர் அலுவலகத்துத் தமிழ் குமாஸ்தா. காந்தி என்ன செய்தார் பாருங்கள். முதலில் டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். அதே கையோடு மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப்போய் வாக்குமூலத்தைக் கொடுத்தார். முதலாளிக்குச் சம்மன் போனது. காந்திக்கு அவரைச் சிறைக்கு அனுப்பும் ஆசையில்லை, பாலசுந்தரத்தை வேறு முதலாளியிடம் மாற்றினால் போதும், அதை முடித்தார். காயம், மருத்துவச் சான்று, நல்ல மொழிபெயர்ப்பு, தாமதமில்லாத வாக்குமூலம். ஒரு வழக்குக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு நாளில் இருக்கிறது. இதை முழு எபிசோடாக எடுத்தால் நான் முதல் ஆளாகப் பார்ப்பேன்.

தொடராக எடுக்க வேண்டிய இன்னொருவர் நவி பிள்ளை. டர்பனில் ஒரு தமிழ் பஸ் டிரைவரின் மகள். ஆறு வயதில், அப்பாவின் சம்பளப் பணம் திருடுபோன வழக்கில் கோர்ட்டில் சாட்சி சொன்னவர். திருடியவருக்குத் தண்டனை கிடைத்தது, பணம் திரும்பவில்லை. 1967-ல் நாட்டாலில் சொந்தமாகச் சட்ட அலுவலகம் திறந்தார். வெள்ளையரல்லாத பெண் ஒருவர் அங்கே அப்படித் திறந்தது அதுவே முதல் முறை. நீதிபதியின் அறைக்குள் நிறவெறிக் காலத்தில் அவர் கால் வைக்க முடிந்ததில்லை. 1995-ல் தானே நீதிபதியானபோதுதான் முதன்முறையாக உள்ளே போனார். அப்புறம் ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த சர்வதேசத் தீர்ப்பாயம். அகயேசு என்ற மேயர் மேல் வழக்கு. குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை இல்லவே இல்லை. வேறு விஷயத்துக்குச் சாட்சி சொல்ல வந்த ஒரு தாய், தன் சிறு மகளுக்கு நடந்ததைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். மூன்று நீதிபதிகளில் ஒரே பெண்ணான நவி பிள்ளை அதை விட்டுவிடாமல் மேலே கேட்டார். வேறு பெண்களும் பேசினார்கள். 1997-ல் குற்றப்பத்திரிகையைத் திருத்தினார்கள். 1998 தீர்ப்பில், பாலியல் வன்முறையும் இனப்படுகொலையின் ஒரு வடிவம் என்று உலகில் முதன்முறையாக ஒரு சர்வதேச நீதிமன்றம் சொன்னது. கேட்கப்படாத ஒன்றைச் சொன்ன ஒரு சாட்சி, அதைக் காதில் வாங்கிய ஒரு நீதிபதி. சட்டமே மாறியது.

கொலை, ரத்தம் இல்லாமலும் நல்ல கோர்ட் கதை உண்டு. டர்பனில் பள்ளிக்கு மூக்குத்தி போட்டுக்கொண்டு போன ஒரு தமிழ் மாணவியின் வழக்கு சமத்துவ நீதிமன்றத்தில் தோற்று, பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்து, 2007-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. பெண் பெரியவளானால் மூக்குக் குத்துவது எங்கள் குடும்ப வழக்கம் என்று அம்மா சொன்னதை நீதிபதிகள் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார்கள். தீர்ப்பு எழுதியவர் தலைமை நீதிபதி பியஸ் லங்கா. வழக்கம் கட்டாயமா விருப்பமா என்பது முக்கியமில்லை, அது அந்தப் பிள்ளையின் அடையாளத்தில் ஓர் அங்கம், விலக்கு கொடுத்திருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. அதற்குள் அவர் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டார். அத்தனை காலம் ஓடியிருந்தது. தொடர்களில் 45 நிமிடத்தில் தீர்ப்பு வருவதைப் பார்த்துப் பழகியவர்கள் அந்தக் காத்திருப்பை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, வீட்டுக்கு எது என்றால், மாமியாரோடு உட்காரும்போது கொலம்போவில் தொடங்குங்கள். பிறகு ரெய்க்கா, ஆனால் பிள்ளைகள் தூங்கியபின். நீங்களும் மனைவியும் மட்டும் என்றால் தி வயர், அவசரப்படாமல் ராத்திரிக்கு ஒன்று. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கை வைத்து 2019-ல் வந்த டெல்லி க்ரைம் முதல் சீசனைக் கனமான மனதோடுதான் பார்க்க முடியும். நிதி இல்லாத ஸ்டேஷன், தூக்கமில்லாத போலீஸ், ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடி பேசும் அந்தப் பெண் என்று எதையும் மழுப்பவில்லை. 2020-ல் சர்வதேச எம்மி விருது வாங்கியது. டிஎன்ஏ முடிவு விளம்பர இடைவேளைக்குள் வந்துவிடும் சி.எஸ்.ஐ. வகையைப் பொழுதுபோக்காக மட்டும் பாருங்கள். இங்கே அந்தக் காகிதத்துக்கு மாதக்கணக்கில் காத்திருப்போம்.

ஒரு நாள் லீவு கிடைத்தால் நேரில் வாருங்கள். மாஜிஸ்திரேட் கோர்ட் காலை 9 மணிக்குக் கூடும். மூடிய விசாரணை தவிர மற்றவற்றில் யார் வேண்டுமானாலும் பின்வரிசையில் உட்காரலாம். போனை அணைத்துவிடுங்கள், நீதிபதி வரும்போதும் போகும்போதும் எழுந்து நில்லுங்கள். மாமியாரையும் கூட்டி வாருங்கள், அத்தையும் வருகிறேன் என்கிறார். டீ இடைவேளையில் வாசலில் நிற்பேன்.